பெட்டியைத் தூக்கி வந்தது யார்?

அன்புள்ள கோமதி,

மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. அம்மாவை இங்கே கூட்டி வந்ததிலிருந்து என் நேரம் என் கையில் இல்லை. இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று, ஒரு மாதத்துக்கு நாலு வேளை சொட்டு மருந்து. கட்டுப் பிரித்த மறுநாளே "இப்ப நல்லாத் தெரியுது" என்றாள், அன்று சாயங்காலத்துக்குள் என் வீட்டு ஒட்டடையெல்லாம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நந்தினி கல்லூரி லீவுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள், அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும், ஆனால் முதலில் உன் சண்டை.

'தி லாஸ்ட் டாட்டர்' படம் பார்த்துவிட்டு, பொம்மை திருடுகிற அந்தப் பொம்பளையை உனக்கு எப்படித்தான் பிடித்தது என்று கேட்டிருந்தாய். பிடித்தது என்று நான் சொல்லவே இல்லையே. நாவலையும் படி என்றுதான் சொன்னேன். படத்தில் கதை கிரேக்கத் தீவுக்குப் போய்விட்டது. எலெனா ஃபெரான்டே 2006இல் எழுதிய நாவலில் எல்லாம் இத்தாலிக் கடற்கரையில்தான், அங்கே வந்திருக்கிற பெரிய குடும்பம் பேசுகிற நேப்பிள்ஸ் பேச்சு, பொம்மை திருடுகிற லேடாவுக்குத் தான் விட்டு ஓடிவந்த சொந்த ஊரை ஞாபகப்படுத்துகிறது. அவளுடைய அம்மா எரிச்சல் வந்தால் உங்களையெல்லாம் விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டிக்கொண்டே இருப்பாளாம், ஆனால் ஒருநாளும் போனதில்லை. சொல்லாமல் போனவள் மகள் லேடா. ஆறு வயசும் நாலு வயசுமாக இரண்டு பெண் குழந்தைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு மூன்று வருஷம். படத்தில் பொம்மையைப் பறிகொடுத்த குழந்தையின் இளம் தாய் நீனா அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கேட்கும்போது அவள் கண் கலங்கிக்கொண்டே, ரொம்ப நன்றாக இருந்தது என்கிற மாதிரி சொல்கிறாள் பார், அந்த இடத்தில் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

ஆனால் பார், நீ அதற்குக் கோபப்படவில்லை. உன் கடிதத்தில் ஒன்றரைப் பக்கமும் பொம்மைக்குத்தான் போயிருக்கிறது. குழந்தை ஏங்கி அழுகிறது, நீனாவுக்குத் தூக்கமில்லை, எல்லாம் தெரிந்தும் இவள் கடைக்குப் போய் அந்தப் பொம்மைக்குச் சட்டை வாங்குகிறாள், அதை எப்படி மன்னிப்பது என்று கேட்கிறாய். மூன்று வருஷம் பிள்ளைகளை விட்டுப் போனதற்கு நாமே ஒரு நியாயம் தேடிக் கொடுத்துவிடுகிறோம், வேலை, படிப்பு, மூச்சுத் திணறல் என்று. பொம்மைக்கு அப்படி ஒன்றும் கிடைக்காது. ஏன் எடுத்தாய் என்று நீனா கேட்கும்போது லேடாவிடமும் பதில் இல்லை. எனக்கு அந்த நாவலில் ஒட்டிக்கொண்டது அந்தப் பதில் இல்லாமைதான். "அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடுகிற கதைகள் நிறைய இருக்கின்றன, அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். இது அப்படி விடவில்லை.

உனக்கு இன்னொன்று சொல்கிறேன், படித்துவிட்டு அதற்கும் திட்டலாம். அவ்னி தோஷியின் 'பர்ன்ட் ஷுகர்'. இந்தியாவில் 2019இல் முதலில் 'கேர்ள் இன் ஒயிட் காட்டன்' என்று வேறு பெயரில் வந்தது, 2020 புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது. (அந்த வருஷம் பரிசு வாங்கிய 'ஷகி பெயின்' நாவலும் குடிகார அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பிள்ளையின் கதைதான், என்ன வருஷமோ அது!) கதை புனேயில் நடக்கிறது. தாரா என்கிற அம்மா கல்யாண வாழ்க்கையை உதறிவிட்டுச் சின்னப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரு சாமியாரின் ஆசிரமத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே அந்தக் குழந்தையைக் கவனித்துக்கொள்வது வேறு ஒரு பெண். இப்போது தாராவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டியவள் மகள் அந்தரா. தன்னை மாதிரி ஆகிவிடக் கூடாது என்று தன் பெயருக்கு எதிராக, அன்-தாரா என்று அம்மா வைத்த பெயராம் அது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம் ஆச்சிகள் சொன்னதற்கு ஒரு பெயரால் மறுப்பு எழுதப் பார்த்திருக்கிறாள். நடக்குமா?

அம்மா துன்பப்படுவது தனக்கு இன்பமாக இருந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய் என்றுதான் அந்தரா முதல் வரியிலேயே ஆரம்பிக்கிறாள். அப்புறம் நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்து, சர்க்கரை கெடுதல் என்று தெரிந்துகொண்ட பிறகும் அம்மாவுக்கு இனிப்பைக் கொடுக்கிறாள், ஏனென்றால் அம்மா வாயிலிருந்து வெளியே வரக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. இதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. அந்தரா ஓவியம் வரைகிறவள். ஒரே ஆணின் முகத்தைத் தினமும் வரைகிறாள், ஆனால் முதல் நாள் படத்தைப் பார்த்து அல்ல, நேற்று வரைந்ததைப் பார்த்து. நேற்றின் தப்பு இன்றைக்குச் சேரும், இன்றைக்குப் புதிதாக ஒன்று சேரும். நமக்கு அந்த அம்மாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்த மகள் சொன்னதுதான். மறுத்துப் பேச வேண்டியவளுக்கு நினைவில்லை. சாட்சியே இல்லாத வழக்கில் ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டே போகிறாள், கொஞ்ச தூரம் போனதும் எனக்கு அம்மாவைவிட மகள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஹாஸ்டலில் மாற்றி மாற்றிப் படித்தோமே, அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்', அப்போது நாம் இரண்டு பேரும் மகள் கட்சி. வயசுக்கு வந்த பெண், ஊருக்குப் போயிருக்கிற அம்மா வந்து கட்டிக்கொள்வாள் என்று காத்திருக்கிறாள், அம்மாவோ கறுப்பென்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுக்கிவிட்ட உறவுக்காரப் பெண்ணின் துக்கத்தைச் சுமந்துகொண்டு வந்து, உனக்கு என்ன இதற்குள் அவசரம், இனி இது வேறு பாரம் என்கிற அர்த்தத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். இப்போது திரும்பப் படித்தால் அந்த அம்மா போன பயணம்தான் எனக்குத் தெரிகிறது. அங்கே யார் என்ன சொன்னார்கள், திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மனசில் என்ன ஓடியது? அதற்காக அந்த வார்த்தை சின்னதாகிவிடவில்லை. கொலை கொலைதான்.

சரி, நந்தினி விஷயம். ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "உங்கம்மாவ காலேஜுக்கு அனுப்பக் கூடாதுன்னு ஊரே நின்னுச்சு, நான்தான் ஒத்தக் கால்ல நின்னு அனுப்பினேன்" என்று. இதை அவள் நாலைந்து வருஷமாகச் சொல்கிறாள், நானும் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு என்ன வந்ததோ, "இல்லம்மா, நீதான் ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்து தடுத்த, பெரியப்பாதான் பணம் கட்டினார்" என்று சொல்லிவிட்டேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன், அதுதான் இன்னும் மோசம். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மோரை விட்டுக்கொள்ளவே இல்லை. நந்தினி அறைக்கு வந்து, "உண்மையாவே இருக்கட்டும், எழுபத்தாறு வயசுல அவங்ககிட்ட இருக்கிறது அது ஒண்ணுதானே, அதையும் பிடுங்கணுமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குச் சமாதானம் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் எதைச் சொன்னாலும் லேடா பொம்மை எடுத்ததற்குக் காரணம் தேடுகிற மாதிரிதான் இருந்திருக்கும். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றா சொன்னேன்? இல்லை. ஒட்டடை, கோமதி. ஒருவேளை ஒட்டடைதான்.

மறுநாள் சொட்டு மருந்து விடும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "நான் வந்தேன்ல, ஹாஸ்டலுக்கு" என்றாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து எனக்கு அந்த நாள் குழம்பிப் போயிருக்கிறது. 1989 ஜூன். பச்சை டிரங்குப் பெட்டி, அதை வாசலிலிருந்து மாடிக்கு ஏற்ற முடியாமல் ஏற்றினது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெட்டியின் ஒரு பக்கம் பிடித்திருக்கிறார். மறுபக்கம் யார் என்று பார்த்தால் ஒரு நாள் அம்மா தெரிகிறாள், ஒரு நாள் வாட்ச்மேன் தெரிகிறான். முப்பது வருஷத்துக்கு மேலாக நானும் நேற்று வரைந்ததைப் பார்த்துத்தான் வரைந்துகொண்டிருக்கிறேனோ என்னவோ. நீ எனக்கு முந்தியே வந்து ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்துவிட்டாய், நாங்கள் உள்ளே வந்ததை முதலில் பார்த்தவள் நீதான். யோசித்துச் சொல், அன்றைக்கு என்கூட அம்மா வந்தாளா? என் மனசுக்காக எதையும் சேர்த்து எழுதாதே. ஞாபகம் இல்லையென்றால் இல்லையென்றே எழுது.

உன் மருமகளுக்கு எட்டாம் மாதம் என்றாயே, வளைகாப்புத் தேதி குறித்தாயிற்றா? அம்மாவும் வருகிறேன் என்கிறாள்.

உன்
விஜி