தொட்டியில் இருக்கிறது, செடிக்குப் போகவில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால்தான் படியேறும்போது கொஞ்சம் முணுமுணுக்கிறது. சரி, இலை மஞ்சளாகி மொட்டு உதிர்க்கிற உன் கார்டீனியாச் செடிக்கு வருகிறேன்.

எந்தச் சத்து குறைந்தால் இலை எப்படி மாறும் என்று காட்டும் சத்துக் குறைபாட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் பொருத்திப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த அடையாளங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1860 வாக்கில் ஜெர்மனியில் சாக்ஸ், க்னாப் என்ற இருவர், மண்ணே இல்லாமல் உப்புகள் கரைத்த தண்ணீரில் செடி வளர்த்துக் காட்டினார்கள். அதன்பிறகு, வேண்டிய ஒரு சத்தை மட்டும் விட்டுவிட்டு, செடி என்ன ஆகிறது என்று பார்ப்பது சுலபமாகிவிட்டது. அட்டவணையில் இருப்பதில் பெரும்பங்கு அப்படித் தெரிந்துகொண்டதுதான். ஒன்று அடியோடு இல்லை, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிலை அது. மண்புழு உரமும் மக்கிய எருவும் போட்ட உன் தொட்டியில் அநேகமாக எல்லாச் சத்தும் ஓரளவாவது இருக்கும். இயற்கை முறையில் வளர்ப்பவன் "என்ன இல்லை?" என்பதற்கு முன்னால் "இருப்பது ஏன் போய்ச் சேரவில்லை?" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அதற்காக அட்டவணையைத் தூக்கி எறியாதே. மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்பதை முதலில் பார். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடியிலைதான் முதலில் வெளுக்கும். இரும்பும் கால்சியமும் அப்படி எளிதில் நகராது. அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். அடியிலை சீராக வெளுத்தால் தழைச்சத்தைச் சந்தேகப்படலாம். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடையில் மஞ்சளானால், அடியிலையில் அது மெக்னீசியம், கொழுந்தில் பெரும்பாலும் இரும்பு. இலையோரம் கருகுவதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதே. சாம்பல்சத்து குறைந்தாலும் கருகும், தொட்டியில் உப்பு தேங்கினாலும் கருகும். எருவிலும் உப்பு உண்டு.

உன் படத்தில் மஞ்சள் கொழுந்தில்தான் இருக்கிறது, நரம்பு பளிச்சென்று பச்சை. ஆக, இரும்பு. ஆனால் உடனே இரும்பு உரம் தேடிக் கிளம்பிவிடாதே. கார்டீனியாவுக்கு அமில மண் வேண்டும். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்; 5 முதல் 6 வரை இருந்தால் இந்தச் செடிக்குச் சுகம். 7-ஐத் தாண்டிவிட்டால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நீயோ முட்டை ஓட்டுத் தூளைத் தூவிக்கொண்டே இருக்கிறாய். அது சுண்ணாம்பு, இந்தச் செடிக்கு எதிரான சரக்கு. ஆனாலும் அது மெல்லத்தான் கரையும்; எனக்கு அதைவிடச் சந்தேகம் உன் குழாய்த் தண்ணீர் மேல். வெந்நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று முன்பு நீயே எழுதியிருந்தாய். சுண்ணாம்பு கரைந்த அந்தக் கடினத் தண்ணீரை ஊற்ற ஊற்ற பிஎச் ஏறிக்கொண்டேதான் போகும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதை ஊற்று. பிஎச் சோதனைத் தாள் வாங்கி ஒருமுறை பார்த்துவிடு. கந்தகத் தூள் போட்டாலும் இறங்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. செடியைத் தொட்டியோடு சாய்த்து வேரை வெளியே எடுத்துப் பார். வெளிர் நிறத்தில் கெட்டியாக இருந்தால் நல்லது. பழுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றம் அடித்தால் எந்த உரமும் பயன் தராது. வீட்டுக்குள் வளரும் செடிகளுக்கு வரும் 'சத்துக் குறைபாடு' பலவற்றுக்கு மூலம் அதிகத் தண்ணீர்தான். எருவில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உடைத்துக் கொடுத்தால்தான் வேருக்குக் கிடைக்கும். மண் சொதசொதவென்று இருந்தாலும், குளிர்ந்த ஜன்னலோரத்தில் தொட்டி இருந்தாலும் அந்த வேலை மந்தமாகிவிடும். அப்போது மேலும் எரு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். அரைகுறையாக மக்கிய எருவானால் இன்னும் மோசம். அதிலுள்ள நுண்ணுயிர்களே தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் கொஞ்சம் சாம்பல்சத்து உண்டு, அவ்வளவுதான். சாம்பல்சத்து மிதமிஞ்சிப் போனால் மெக்னீசியம் உள்ளே போவது தடைப்படும் என்பதையும் நினைவில் வை. மொட்டு உதிர்கிறதே என்று மணிச்சத்து உரம் வாங்கவும் வேண்டாம். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிற அறை செடிக்கு இருட்டாக இருக்கலாம். அதோடு, மொட்டு வந்தபின் இடம் மாற்றினாலோ காற்று வறண்டாலோ கார்டீனியா மொட்டை உதிர்த்துவிடும்.

இலையின் அடிப்பக்கத்தையும் ஒரு பூதக்கண்ணாடியால் பார்த்துவிடு. சிலந்திப்பேன் உறிஞ்சினால் பொடிப்பொடியாக வெளிர்ப் புள்ளிகள் விழும். அதையும் சத்துக் குறை என்று எண்ணி உரம் போடுகிறவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதே, எது பலித்தது என்றே தெரியாமல் போகும். முதலில் தண்ணீரை மாற்று, முட்டை ஓட்டை நிறுத்து. பழைய மஞ்சளைப் பார்த்துக் கவலைப்படாமல், இனி விடுகிற கொழுந்தைப் படமெடுத்து அனுப்பு. உன் தம்பி வீடு மாறினானா? புது விலாசம் இருந்தால் எழுது, அவனுக்கும் ஒரு கடிதம் போட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்