செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். தீப்பெட்டி லேபிள் சேகரிக்கும் நமது சங்கத்தின் 2024–25 ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பதிவேட்டின்படி நம் உறுப்பினர்கள் 41 பேர். இன்று கையெழுத்திட்டிருப்பவர்கள் 14 பேர். கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) இல்லாமையால் அரைமணி நேரம் ஒத்திவைத்து, அதே 14 பேரைக் கொண்டு மீண்டும் கூட்டியிருக்கிறோம் என்பதையும் குறிப்பில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. பள்ளி ஒன்றில் ஒருநாள் கண்காட்சி வைத்தோம். சிவகாசிப் பயணம் வேனுக்கு ஆள் சேராததால் கைவிடப்பட்டது. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

சென்ற பொதுக்குழுவில் அனைவரும் கைதட்டி நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, லேபிள்களுக்கான இணையத் தரவுத்தளம் தை மாதத்தில் தொடங்கப்பட்டது. இதன் அவசியத்தைச் சிலர் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, வேதாரண்யம் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் வீட்டு ஓடுகள் பறந்து, நாற்பதாண்டு ஆல்பங்கள் ஒரே இரவில் கூழாயின. அவரிடம் என்னென்ன இருந்தன என்பதற்கு அவர் ஞாபகத்தைத் தவிர இன்று வேறு சான்றில்லை. புயல் வராத ஆண்டுகளிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் இராமபாணப் பூச்சியும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒவ்வொரு லேபிளுக்கும் படம், மார்க்கின் பெயர், ஆலையின் முகவரி, குச்சிகளின் எண்ணிக்கை, மரச்சீவல் பெட்டியா அட்டைப் பெட்டியா என்ற விவரம் ஆகியவற்றைப் பதிகிறோம். பார்க்க எளிதாகத் தோன்றும் இந்தப் பட்டியலில் காலத்தைக் குறிக்கும் கட்டம்தான் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. ஏனெனில் தீப்பெட்டி லேபிளில் ஆண்டு அச்சிடும் வழக்கம் இல்லை. முகவரியில் ‘தமிழ்நாடு’ என்றிருந்தால், மாநிலத்தின் பெயர் மாறிய 1969க்கு முந்தையதாக இராது. ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. சிவகாசி ஆலை ‘காமராசர் மாவட்டம்’ (இன்றைய விருதுநகர்) என்று போட்டிருந்தால் இராமநாதபுரத்திலிருந்து அம்மாவட்டம் பிரிந்த 1985க்குப் பிந்தையது. கோவில்பட்டி லேபிள்களுக்கு, சிதம்பரனார் மாவட்டம் (இன்றைய தூத்துக்குடி) திருநெல்வேலியிலிருந்து பிரிந்த 1986 அதேபோன்ற எல்லைக்கல்.

இவ்விடத்தில் ‘யானை’ லேபிள் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். திருவையாற்றில் மூடப்பட்ட மளிகைக்கடை ஒன்றின் கல்லாப்பெட்டியின் அடிப்புறத்தில் ஒட்டிக்கிடந்ததை, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரவு முழுவதும் போர்த்தி நானே பெயர்த்தெடுத்தேன். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. தும்பிக்கைக்கு அச்சிட்ட கறுப்பு ஒரு நூல் அளவு விலகி விழுந்திருந்ததால் யானைக்கு இரண்டு தும்பிக்கைகள் இருப்பதுபோலத் தெரிந்தது. போதாததற்கு, 1978 எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய, துதிக்கை போட்ட ‘னை’ மூன்றாவது தும்பிக்கையாக நின்றது. முகவரியில் இராமநாதபுரம் ஜில்லா. அஞ்சல் குறியீடு இல்லை. நான் 1960களைச் சேர்ந்தது என்று பதிந்தேன். மறுநாள் காலை அது 1970கள் என்று மாறியிருந்தது. நான் திருத்தினேன், மறுபடி மாறியது. இவ்வாறு ஒன்பது முறை நடந்தது. மாற்றியவர் யார் என்பது தளத்தின் குறிப்பேட்டில் தெரியும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அவர் இன்று வரவில்லை என்பதால் மேற்கொண்டு எழுதாமல் விடுகிறேன்.

இதைத் தீர்த்துவைத்தவர் அச்சகத்தில் முப்பதாண்டு பணிபுரிந்த நம் உறுப்பினர். “பிளாக் தேயும்வரை யார் மாற்றுவார்கள்?” என்று, படம் பொறித்த அச்சுக்கட்டையைக் குறித்து அவர் கேட்ட ஒரே கேள்வியில், நானும் பிழை செய்திருப்பது விளங்கியது. புதிய அடையாளம் ஒன்று லேபிளில் இருந்தால் ‘இதற்கு முந்தையதில்லை’ என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய அடையாளம் இருப்பதைக்கொண்டு ‘இதற்குப் பிந்தையதில்லை’ என்று சொல்லிவிட முடியாது. ஆகவே கட்டத்தின் பெயரையே ‘இதற்கு முன் இல்லை’ என்று மாற்றிவிட்டோம். யானைக்கு அக்கட்டம் இப்போது காலியாக இருக்கிறது.

பீர் டின் சேகரிக்கும் உறுப்பினர் ஒருவர், தம் பொருள்களையும் இதே தளத்தில் ஏற்ற அனுமதி கேட்டிருந்தார். செயற்குழு பெரும்பான்மையாக மறுத்தது. மறுத்தவர்களில் சிலரின் காரணம் சேகரிப்பைப் பற்றியதன்று. அவர் கூறிய முறையோ நமக்குப் பாடம். 1935இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த பீர் டின்னுக்குத் துளையிட்டுத் திறக்க வேண்டிய தட்டை மூடி. பின்னர் கூம்பு வடிவ மூடி. 1960களில் இழுத்துப் பிய்க்கும் வளையம். 1970களின் நடுவில் பிய்யாமல் உள்ளே மடங்கும் நாக்கு. எழுத்தைப் பார்க்காமல் மூடியைப் பார்த்தே காலம் சொல்கிறார்கள். நாம் பெட்டியின் மரச்சீவலையும் அட்டையையும் பதியத் தொடங்கியது அவர் சொன்ன பிறகுதான்.

இன்றுவரை பதிவானவை 1,312 லேபிள்கள். இவற்றில் 870 நான் ஏற்றியவை. 260 உறுப்பினர் ஒருவரின் கல்லூரி மாணவியான மகள் ஏற்றியவை. எஞ்சியவற்றை மற்ற நாற்பது பேரும் பங்கிட்டுக்கொள்ளலாம். ஐயாயிரம் லேபிள் இருப்பதாக ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லும் மூத்தவர் ஒருவர் அனுப்பியவை ஏழு. படம் வெளியானால் மதிப்புப் போய்விடும் என்கிறார். வேறு சிலர், இன்று பெட்டிக்கடையில் கிடைப்பதைப் பதிந்து என்ன பயன் என்கிறார்கள். பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் முதல் தேதி இரண்டு ரூபாயானது. விலை ரூ.1 என்று அச்சிட்ட பெட்டிகளைத் தேடி இந்த ஆண்டு பாபநாசம் முதல் மன்னார்குடி வரை அலைந்தேன், நான்குதான் கிடைத்தன.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வரவு, செலவைக் கிட்டத்தட்டத் தொடும் நிலையில் உள்ளது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆண்டுச் சந்தா ரூ.300, 23 பேர் செலுத்தவில்லை. தளம் பதினொரு நாள் முடங்கியதற்கு என் கவனக்குறைவே காரணம் என்று குழுவில் பேசப்பட்டதாக அறிந்தேன். புதுப்பித்தல் கட்டணத்திற்கான அறிவிப்பு எனக்கு உரிய காலத்தில் வந்தது. சங்கக் கணக்கில் பணம்தான் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் என் கைப்பணத்தைக் கட்டினேன்; அதற்கான ரசீது இவ்வறிக்கையுடன் இணைக்கப்பட்டுள்ளது.

கூடம் தந்த பள்ளி நிர்வாகத்திற்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், காபி வழங்கிய அன்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை இளையவர் எவரேனும் ஏற்பதே முறை என்று கருதுகிறேன். தளத்தின் கடவுச்சொல்லை உறையிலிட்டுப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன், விரும்புவோர் பெற்றுக்கொள்ளலாம். எவரும் பெறாத நிலையில், நிலுவைச் சந்தா தீபாவளிக்குள் வந்து சேருமாயின், நானே தொடர்வதில் எனக்குத் தடையில்லை.

இங்ஙனம்,
செயலாளர்
கும்பகோணம்