காலை வெட்டி எடுக்கும் முன் அணு மருத்துவ ஸ்கேனுக்கு வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
மீனவர் ஒருவரின் மகள்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: சர்க்கரை நோயாளிகளின் காலில் எலும்புத் தொற்றைக் கண்டறியும் அணு மருத்துவ ஸ்கேனுக்குப் பரிந்துரை ஏற்பாடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் அப்பா நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனதை அவர் உணரவே இல்லை. சென்ற ஆண்டு சுண்டுவிரலுக்குக் கீழே சிப்பி கிழித்த புண் ஆறாமல், பாதமே வீங்கிச் சிவந்து கொதித்தது. எக்ஸ்ரேயில் நடுப்பாதத்து எலும்புகள் நொறுங்கித் தெரிந்தன. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடம்பில் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க மறுத்துவிட்டார்கள். எலும்பு முழுக்கச் சீழ் பிடித்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். சம்மதக் கையெழுத்துக்கான தாளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

உறவினர் ஒருவர் சொல்லித்தான் வெளியூரில் வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். உணர்ச்சியற்ற பாதத்தில் தொற்று இல்லாமலேயே எலும்பு நொறுங்கி வீங்கும், அதற்குச் சார்கோ பாதம் என்று பெயர் என்று அங்கே விளக்கினார்கள். எக்ஸ்ரேயில் அதையும் எலும்புத் தொற்றையும் பிரித்தறிவது கடினம். சாதாரண எலும்பு ஸ்கேனும் எலும்பு வேகமாக மாறும் இடமெல்லாம் ஒளிரும்; அது முறிவாலா தொற்றாலா என்று சொல்லாது.

அதனால் அப்பாவின் ரத்தத்தை எடுத்து, வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை அவற்றில் ஏற்றி, மறுபடி அவர் உடம்புக்குள்ளேயே செலுத்தினார்கள். தொற்று இருக்கும் இடத்தைத் தேடிப் போவது வெள்ளை அணுக்களின் இயல்பு. அவை எங்கே கூடுகின்றன என்பதை, கதிர்வீச்சைப் பிடிக்கும் காமா கேமரா படமெடுக்கிறது. எலும்பு மஜ்ஜையிலும் இந்த அணுக்கள் சேரும் என்பதால், மஜ்ஜையைத் தனியே காட்டும் இன்னொரு ஸ்கேனோடும் ஒப்பிட்டார்கள். நடுப்பாதத்தில் தொற்று இல்லை. சுண்டுவிரலின் அடியெலும்பில் மட்டும் ஒரு புள்ளி. அந்த விரலோடு அறுவை முடிந்தது. இன்று அப்பா தம் இரு கால்களில் நடந்து படகுத்துறைக்குப் போகிறார்.

எங்கள் தெருவில் இன்னொருவர் காலை இழந்தார். ஸ்கேன் எடுத்திருந்தால் அது தப்பியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. இப்படி ஒன்று இருப்பதையே அவரிடம் யாரும் சொல்லவில்லை, அதுதான் என் மனத்தை அறுக்கிறது. பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மரில் அணு மருத்துவத் துறை இருக்கிறது. ஆனால் நம் மாவட்ட நோயாளிக்கு அங்கே போகச் சொல்லி வழிகாட்ட ஒரு சீட்டு இல்லை.

ஆகவே, காலை எடுக்கலாம் என்று முடிவாகும்போது, எலும்பில் தொற்று உண்டா என்பதில் ஐயம் இருந்தால், இந்த ஸ்கேன் பற்றி நோயாளியிடம் சொல்லி, சொன்னதைச் சிகிச்சைக் குறிப்பேட்டில் பதிய அரசு மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். தொற்று ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தானவர்களை இதற்காகக் காக்க வைக்கக் கூடாது. அவர்களுக்கு உடனே அறுவைதான். மற்றவர்களுக்கு, மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் வழியாக ஜிப்மரோடு பேசி, பரிந்துரைச் சீட்டும் முன்பதிவுத் தேதியும் இங்கேயே கிடைக்கச் செய்ய வேண்டும். ஸ்கேன் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பெறும் வழியையும் தெளிவுபடுத்த வேண்டும்.

தமிழில் ஒரு துண்டறிக்கையும் தேவை. ‘அணு’ என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா ஊசிக்குக் கையை நீட்ட மறுத்தார். பேத்தியை இனித் தூக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. டெக்னீசியத்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கொரு முறை பாதியாகும், ஒரு நாளில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அதுவரை குழந்தையிடம் கொஞ்சம் விலகியிருந்தால் போதும் என்று மருத்துவர் விரல்விட்டு எண்ணிக் காட்டிய பிறகே சம்மதித்தார்.

அப்பாவின் எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கை நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்