விடையைச் சொல்லிவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

போன தடவை பேசியபோது நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அண்ணன் ஏதோ சொன்னான், அரைகுறையாக. அவனிடம் சொன்னதை என்னிடமும் சொல்லியிருக்கலாம். சரி, அது உன் இஷ்டம். “கல்விக்கு நோக்கம் என்று ஒன்று உண்டா அப்பா?” என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பிழைப்புக்கு ஆவதைக் கற்பிப்பதா, நற்குணத்துக்கு ஆவதையா, உயர்ந்த அறிவையா என்று தன் காலத்திலேயே ஒத்த கருத்து இல்லையென அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அதை முடிவுசெய்துவிட்டுத்தான் பாடம் நடத்துவேன் என்றால் ஆகிற காரியமா? வகுப்பிலிருந்து யோசி.

பிளேட்டோ எழுதிய ‘மெனோ’ என்ற உரையாடலில், சாக்ரடீஸ் மெனோவின் அடிமைச் சிறுவனிடம் கேட்கும் கணக்கையே எடு. 2 அடிப் பக்கமுள்ள சதுரம், பரப்பு 4. இரட்டிப்புப் பரப்புக்குப் பக்கம் எவ்வளவு? சிறுவன் சட்டென்று 4 என்கிறான். பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 என்கிறான், 9. வேண்டியதோ 8. அப்புறம்தான் “தெரியவில்லை” என்கிறான். சாக்ரடீஸ் அங்கே நிறுத்தி, இவன் திகைத்ததில் இவனுக்கு ஏதாவது கெட்டுப்போயிற்றா என்று மெனோவிடம் கேட்கிறார். என்னைக் கேட்டால் பாடத்தின் உயிர் அந்த இடம்தான். தெரியும் என்று நினைக்கிறவன் எதற்குத் தேடப் போகிறான்?

உன்னைப்போல் தெளிவாக விளக்குகிறவர்கள் குறைவு. சிக்கலும் அதுதான். பிள்ளைகள் திகைத்ததும், மூலைவிட்டத்தைப் பக்கமாக வைத்துச் சதுரம் வரைந்தால் இரட்டிப்பாகும் என்று சொல்லிவிடுகிறாய். எல்லோருக்கும் விடை வரும், காரணம் வராது. காத்திரு. 4 அடிக்கு 4 அடி என்று வைத்துக்கொண்டு ஒரு சதுரத் தாளைக் கொடு. அதில் பாதிப் பரப்பில், அதாவது அதே 8இல், ஒரு சதுரம் கேள். நான்கு மூலைகளையும் நடுவில் சேரும்படி மடிக்கலாம் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். நீ மடித்துக் காட்டாதே.

மூலைவிட்டத்தை வரைந்ததே சாக்ரடீஸ்தானே, சிறுவன் ஆமாம் போட்டதுதானே என்று நீ கேட்பாய். நியாயம்தான். அவரே, இது இப்போதைக்கு இவனுக்குக் கனவு மாதிரி, பல தடவை பல விதமாகக் கேட்டால்தான் அறிவாகும் என்கிறார். அதனால் மறுநாள் 3 அடிச் சதுரத்தைக் கொடு. இரட்டித்தால் 18 வர வேண்டும். ஒரு வாரம் கழித்து 5 அடி, 50 வர வேண்டும். 7 என்று சொல்லத் தோன்றும், ஆனால் 49தான் வரும், ஒன்று குறையும். அந்த ஒன்று உறுத்துகிற பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. வழக்கமான விடைத்தாளில் அவளும் மனப்பாடக்காரியும் ஒரே மதிப்பெண்தான் வாங்குவார்கள்.

மதிப்பெண் சராசரி, சராசரி என்று மேலே இருப்பவர்கள் அரிப்பது எனக்கும் தெரியும். வெளியிலிருந்து திணிக்கும் நோக்கத்தை ஆசிரியர் அதிகாரிகளிடம் வாங்கி அப்படியே பிள்ளைகள்மேல் இறக்குகிறார் என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1916இலேயே சொல்லிவிட்டார். அது உன் ஒருத்தியின் தோல்வி ஆகாது. ராஜினாமா எழுதும் அளவுக்கு... சரி, நான் கேட்கவில்லை.

காத்திரு என்று மறுபடியும் சொல்கிறேன், பிள்ளைகள் விஷயத்தில்தான். அம்மாவிடமாவது பேசு. 5 அடிக் கணக்குக்கு எத்தனை பேர் 7 என்றார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா