ஞாயிறு சந்திப்பு: ஆளுக்கொரு கதாபாத்திரத்தோடு வாருங்கள்

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு மாலை 4 மணிக்கு பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், வழக்கமான கடையில் சந்திக்கிறோம். அணுப் போருக்குப் பிந்தைய காலத்தைக் காட்டும் ‘ஃபால்அவுட்’ வீடியோ கேம் வரிசையின் உலகத்துக்கு ஆளுக்கொரு சொந்தக் கதாபாத்திரம் எழுதி வாருங்கள்.

ஆண்டுக் கணக்கு முக்கியம். அணுகுண்டுகள் விழுந்தது 2077 அக்டோபர் 23. நான்காம் ஆட்டம் நடப்பது 2287இல், பாஸ்டன் வட்டாரத்தில். இடையே 210 ஆண்டுகள். உறைநிலையில் கிடந்தவர், கதிர்வீச்சில் உருமாறிய ‘கூல்’ (ghoul) மனிதர்கள் போன்றவர்களுக்குத்தான் பழைய உலகம் நினைவிருக்கும்.

பலம், அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்களுக்குப் புள்ளி போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் எழுதுகிறவளிடம் ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி இருக்கிறது. பினாங்கிலிருந்து கப்பலேறிப் போன ஏதோ ஒரு பாட்டியுடையது. கழுத்தோரம் புள்ளி புள்ளியாகக் ‘காளியம்மாள்’ என்று பெயர் வெட்டியிருக்கும். இவளுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் இருட்டிலும் விரலால் தடவியே தன் சட்டியைக் கண்டுபிடித்துவிடுவாள். அந்த உலகத்தில் சோடா மூடிதானே காசு, சாக்கு நிறையக் கொடுத்தாலும் விற்க மாட்டாள். இதை எழுதிய பிறகுதான் அவள் எப்படிப் பேசுவாள் என்பதே எனக்குப் பிடிபட்டது.

அப்புறம், எல்லாவற்றிலும் வல்லவனாக ஒருவனைக் கொண்டுவராதீர்கள். எதற்காவது பயப்படட்டும், யாருக்காவது கடன்பட்டிருக்கட்டும். ஒரு பக்கம் போதும், கையெழுத்தில் இருந்தாலும் சரி. வர முடியாதவர்கள் சனிக்கிழமைக்குள் குரல் பதிவாக இங்கேயே அனுப்புங்கள், கடையில் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.