கேலரியில் ஒரு ஸ்டாப்வாட்ச்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தக் காலத்து விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மனஉறுதி போதவில்லை, பெரிய போட்டி வந்தால் விலகிவிடுகிறார்கள் என்று போன இதழில் ஒரு வாசகர் பொரிந்து தள்ளியிருந்தார். எனக்கும் ஒரு காலத்தில் அதே கோபம் இருந்தது.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியிலிருந்து விலகியபோது நானும் முணுமுணுத்தவன்தான். அப்புறம்தான் அன்று அவர் தாவிய வால்ட்டை, அதாவது மேடையில் கை ஊன்றி எம்பிக் காற்றில் சுழலும் தாவலை, வீடியோவில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காற்றில் இரண்டரைச் சுற்று திரும்ப வேண்டியவர் ஒன்றரையோடு தடுமாறி இறங்குகிறார், தன் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அதே நிலையில் இன்னொரு முறை குதித்துத் தலைகுப்புற விழுந்தால் கழுத்து என்னாவது? 2024இல் பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார், சரி. வாங்காமல் போயிருந்தாலும் அன்று விலகியது சரிதான்.

உடனே குகேஷைக் காட்டுவார்கள், 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆகவில்லையா என்று. 2024இல் சிங்கப்பூரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார், 11ஆவது ஆட்டத்தில் ஜெயித்து முன்னால் வந்தவர் அடுத்த ஆட்டத்திலேயே மறுபடி தோற்றார், கடைசியில் 14ஆவது ஆட்டத்தில்தான் பட்டம் கைக்கு வந்தது. அவரோடு பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளர் வேலை செய்திருக்கிறார். ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, படிப்பது மாதிரி மனஉறுதிக்கும் ஆள் வைத்துப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். நாமோ அதைப் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளைத் திட்டுகிறோம்.

என் மகள் நீச்சல் போட்டிகளுக்குப் போகிறாள். நான் கேலரியில் ஸ்டாப்வாட்சோடு உட்காருவேன். சுவரைத் தொட்டதும் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் முதலில் பார்ப்பது ஸ்கோர் போர்டை இல்லை, என்னை. அதைப் பாசம் என்றே வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். ஒரு நாள் திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் ஈரத் தலையோடு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: “தண்ணிக்குள்ள ஒண்ணும் பயமில்லப்பா. தொட்டதுக்கு அப்புறம் நீங்க குனிஞ்சு வாட்சப் பாப்பீங்கல்ல, அப்பதான்.”

நான் ஒன்றும் பேசாமல் ஓட்டினேன்.

அவளுடைய கோச் நல்ல மனிதர். குளத்தில் குதிக்கிற மேடையான பிளாக்கில் ஏறுவதற்கு முன் மூன்று நீண்ட மூச்சு, அப்புறம் முதல் பதினைந்து மீட்டரை மட்டும் நினைத்துக்கொள் என்று பழக்கியிருக்கிறார். அது உதவுகிறது என்றுதான் அவளும் சொல்கிறாள். ஆனால் அந்த மூச்சையும் மூன்று முறை ஒழுங்காக விட்டாளா என்று மேலேயிருந்து எண்ண ஆரம்பித்த அப்பனை என்ன செய்வது?

வாட்சை இப்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு நீச்சல்காரியின் அப்பா