நுழையாத கடையில் பிறந்த கதை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வெளியான போர்த்துகல் பயணக் கட்டுரை, போர்ட்டோ நகரின் லெல்லோ புத்தகக் கடையே ஹாரி பாட்டர் கதைக்கு வித்திட்டது என்கிறது. அது உண்மையல்ல. அக்கடைக்குத் தான் சென்றதே இல்லை என்று கதையை எழுதிய ஜே.கே. ரௌலிங் 2020இல் வெளிப்படையாக மறுத்துவிட்டார். 1990இல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் செல்லும் ரயிலில்தான் கதையின் கரு அவருக்குத் தோன்றியது. எழுதத் தொடங்கியது லண்டனில், கிளாப்பம் ஜங்ஷன் பகுதியில் ஒரு வாடகை வீட்டில். போர்ட்டோவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனது அதற்குப் பிறகு. எடின்பரோவின் எலிஃபன்ட் ஹவுஸ் காபிக் கடை தன்னைக் கதையின் ‘பிறப்பிடம்’ என்று சொல்லிக்கொண்டதும் இப்படித்தான். அக்கடை திறக்கப்பட்டதே 1995இல்!

நான் பள்ளி நூலகர். லெல்லோ பற்றிய இதே தவறான தகவலை ஒரு பயணக் கட்டுரையில் படித்துப் பேச்சுப் போட்டியில் சொன்ன ஏழாம் வகுப்பு மாணவியை நடுவர் மேடையிலேயே திருத்தினார்; அவள் கண் கலங்கி இறங்கினாள். அச்சில் வந்ததை நம்பியது அந்தப் பிள்ளையின் குற்றமா? 1906ஆம் ஆண்டுக் கட்டடம் என்ற பெருமையே லெல்லோவுக்குப் போதுமானது. அடுத்த இணைப்பில், குழந்தைகள் கண்ணில் படும் இடத்தில், திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

– பள்ளி நூலகர் ஒருவர்